நீலச் சட்டை போட்ட ஆடு

கன்று வீச்சு நோய் அந்த மாவட்டத்தை விட்டு வெளியேறிய தேதி, கால்நடை நோய் ஒழிப்பு இயக்ககத்தின் வாசலில் பித்தளைத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எந்த வழியாக வெளியேறியது, வழியனுப்ப யார் யார் போனார்கள் என்ற விவரங்களுக்குத் தகட்டில் இடம் போதவில்லை. ஆனால் போனது போனதுதான். அதற்கு விழா நடந்திருக்கிறது, இயக்குநருக்குக் கேடயம் கொடுத்திருக்கிறார்கள். கேடயம் கொடுத்த பிறகும் திரும்பி வருவதற்கு நோய்க்கும் ஒரு மானம் ரோஷம் இருக்காதா?

மந்தைக்காரருக்கு இந்தத் தகட்டை நன்றாகத் தெரியும். குளிர்காலம் தொடங்கியதும் மேட்டிலிருந்து சமவெளிக்கு மேய்ச்சல் தேடி இறங்கும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் ஆடுகளை ஓட்டிப் போவார். போகிற போக்கில் ஆடுகள் அதில் முதுகைத் தேய்த்துக்கொள்ளும். தகடு எப்போதும் பளபளவென்று இருந்ததற்கு அதுதான் காரணம். இயக்ககம் அதைத் துடைத்ததாகத் தகவல் இல்லை.

அந்த வருஷம் குளத்தருகே கூடாரம் போட்டு, முள்வேலிப் பட்டி கட்டி முடித்த கையோடு, ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டி வீச ஆரம்பித்தன. முடி முளைத்து, குளம்பு முற்றாமல், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் துள்ளி விளையாடியிருக்கும் என்கிற பக்குவத்தில் செத்து விழுந்தன குட்டிகள்.

"இது எத்தனாவதுங்க?" என்றாள் மனைவி, பட்டிக்குள் குனிந்து.

"எண்ணாத. எண்ணினா கூடும்."

"எண்ணாம இருந்தப்போ மட்டும் குறைஞ்சுதாக்கும்."

மேய்ச்சல்காரர்களிடம் ஒரு வேலைமுறை உண்டு. குட்டியை இழந்த தாய் ஆடு ஒரு பக்கம் மடி கனத்துக் கத்தும். தாயை இழந்த குட்டி ஒரு பக்கம் பசித்துக் கத்தும். இரண்டையும் சேர்த்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஆடு மேய்க்காதவர்கள். தாய் ஆடு முகத்தைப் பார்க்காது, மோந்து பார்க்கும். தன் வாசனை இல்லையென்றால் முட்டித் தள்ளிவிடும். அதனால் செத்த குட்டியின் தோலை உரித்து, உயிரோடிருக்கும் குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுவார்கள். தாய் மோந்து பார்க்கும், நம்பும், மடியைக் கொடுக்கும். ஓரிரு நாள் கழித்துத் தோலைக் கழற்றிவிட வேண்டும். மறந்துவிட்டால் நாறும்.

இந்த வேலையில் மந்தைக்காரரின் மகளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாப்பிள்ளை தன் மந்தையோடு மேட்டிலேயே இருந்தார். பிள்ளைத்தாச்சிப் பெண் மேட்டுக் குளிரில் கிடக்க வேண்டாம் என்று மந்தைக்காரர்தான் அவளைச் சமவெளிக்கு அழைத்து வந்திருந்தார்.

"வயிறு முட்டுதுப்பா. குனிய முடியல. காலைக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க," என்றபடி ஒரு கீறலில் தோலை உரித்தாள். நேற்று தாயை இழந்த குட்டிக்கு மாட்டினாள். தாய் ஆடு மோந்தது, யோசித்தது, விட்டுக்கொடுத்தது. மகள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, பக்கத்து ஆட்டின் மடியிலிருந்து நேராகக் குவளையில் பீய்ச்சி, நுரையோடு குடித்தாள்.

"குடி கண்ணு, குடி. ரெண்டு உயிருக்கும் சேத்துக் குடி," என்றார் மந்தைக்காரர். அவருக்கு அது ஒன்றுதான் அன்றைக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது.

பட்டியின் மூலையில் தனியாகக் கட்டிக் கிடந்தது ஒரு கிடா. முந்தின வருஷம் இயக்ககம் இனவிருத்திக்காக இலவசமாகக் கொடுத்தது. புகைப்படம் எடுத்துக் கையோடு கொடுத்தார்கள். வந்தபோது நன்றாகத்தான் இருந்தது. இப்போது பின்னங்கால்களுக்கு நடுவே ஒரு பக்கம் மட்டும் பூசணிக்காய் போல் வீங்கி, கால் அகட்டி நடந்தது.

மந்தைக்காரருக்கும் உடம்பு சரியில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் வரும், விடியும்போது வியர்த்துக்கொட்டி இறங்கிவிடும். இடுப்பும் முட்டியும் கழன்று விழுவது போல வலிக்கும். வயசு என்று விட்டுவிட்டார். ஒரு நாள் பொழுது சாயும்போது மகள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எனக்கும் சாயங்காலமானா குளிருதுப்பா," என்றாள். அதை வயசு என்று விடமுடியவில்லை.

மறுநாள் காலை மூவரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். டாக்டரம்மா தூக்கமில்லாத கண்களோடு எல்லாவற்றையும் கேட்டார்.

"செத்த குட்டியைத் தொட்டீங்களா?"

"தொடாம எப்படிம்மா? தோலை உரிக்கணுமே."

"வெறுங்கையாலயா?"

"கத்தியாலதாம்மா."

டாக்டரம்மா ஒரு நிமிஷம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "பாலாவது காய்ச்சித்தானே குடிக்கிறீங்க?"

"காய்ச்சினா அதுல என்னம்மா சத்து இருக்கும்? வெள்ளைத் தண்ணி."

"இவர் அப்படித்தாம்மா," என்றாள் மனைவி. "நான் ஒரு தடவ காய்ச்சினதுக்கு, பாலைக் கொன்னுட்டேன்னு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாரு."

"பெரியவரே, நல்லாக் கேட்டுக்குங்க. இது புருசெல்லா மாதிரிதான் தெரியுது. ஆட்டுலேர்ந்து மனுஷனுக்கு வர்றது. செத்த குட்டிலயும் பச்சைப் பால்லயும்தான் இருக்கும். ஆட்டுக்கு நடக்குறது இவளுக்கும் நடக்கலாம்."

மந்தைக்காரர் மகளின் வயிற்றைப் பார்த்தார். 

"மருந்து இருக்காம்மா?"

"இருக்கு, பீரோல பூட்டி. வாரக்கணக்கா சாப்பிடற மருந்து. வயித்துப்பிள்ளைக்காரிக்குக் குத்துமதிப்பாக் குடுக்க முடியாது. பரிசோதனை முடிவு இருந்தாத்தான் எனக்குச் சாவி."

"பரிசோதனை பண்ணிடுங்களேன்."

"அதுக்கு மனுஷ ரத்தத்தோட கலந்து பாக்குற ஒரு சொட்டு மருந்து வேணும். அது நோய் இருக்குற மாவட்டத்து ஆஸ்பத்திரிக்குத்தான் வரும். இந்த மாவட்டத்துல நோய் இல்ல. நான் கேட்டு எழுதும்போதெல்லாம், 'உங்கள் மாவட்டத்தில் அந்நோய் இல்லை, வாழ்த்துகள்'னு பதில் வருது." டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு ஆட்டு ரத்தத்துல இருக்குன்னு இயக்ககம் சொல்லட்டும். மறுநாளே எனக்கு வந்துடும். ஆனா சீக்கிரம். இவளுக்கு மாசம் ஏறிக்கிட்டே போகுது."

இயக்ககத்தின் வாசலில், வெளிக் கிருமி உள்ளே வராமலிருக்க ஒரு தகரத் தட்டு வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் அதில் நிறைந்திருக்கும் பினாயில் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு வரவேண்டும். நோய் ஒழிந்த பிறகு அதில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். காலை மட்டும் நனைத்துவிட்டுத்தான் வரவேண்டும். மந்தைக்காரர் காய்ந்த தட்டில் காலை நனைத்துவிட்டு உள்ளே போனார்.

தட்டுக்கு ஊற்றாத பினாயிலையெல்லாம் இயக்குநர் அறையில் ஊற்றியிருந்தார்கள். கேடயங்களுக்குப் பின்னால் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். கேடயம் ஒன்றை அவர் நகர்த்திய பிறகுதான் முகம் தெரிந்தது. பக்கத்தில் உதவி இயக்குநர், இயக்குநர் சொல்வதற்கு முன்பே தலையாட்டிப் பழகியவர்.

"ஐயா, ஆடு குட்டி வீசுதுங்க."

"எந்த மாவட்டத்துல?"

"இங்கதாங்கய்யா. குளத்துக்குப் பக்கத்துல."

"இங்க வீசாது."

"வீசுதுங்களே."

"குட்டி செத்துப் பிறக்கலாம். அது வேற. வீசுறதுங்கறது ஒரு நோயோட அறிகுறி. அந்த நோய் இங்க இல்ல. ஆள் இல்லாத வீட்டுல இருமல் சத்தம் கேக்குமா, பெரியவரே?"

கேட்டால் பயந்து ஓடவேண்டியதுதான் என்று மந்தைக்காரருக்குத் தோன்றியது. "ரத்தம் எடுத்து ஒரு தடவ பாத்துடுங்கய்யா. என் பொண்ணு பிள்ளைத்தாச்சி. அவளுக்கும் காய்ச்சல். இங்க இருக்குன்னு நீங்க சொன்னாத்தான் ஆஸ்பத்திரில மருந்தாம்."

"ரத்தம் வருஷா வருஷம் எடுக்கிறோமே. எங்க மாதிரிப் பண்ணை ஆடுகள்கிட்ட."

"அது நல்லா இருக்குற ஆடுங்களாச்சே."

"அதனாலதான் எடுக்கிறோம். சீக்கு ஆட்டு ரத்தத்தை எடுத்தா முடிவு ஒருதலைப்பட்சமாப் போயிடும்."

உதவி இயக்குநர் தலையாட்டினார். "அதுவுமில்லாம உங்க ஆடு நடக்கிற ஆடு. நிக்கிற ஆட்டுக்குத்தான் மாவட்டம். நடக்கிற ஆடு எந்தக் கணக்குலயும் வராது."

"ராத்திரியில நிக்குதுங்க."

"ராத்திரியில அலுவலகம் கிடையாது."

மந்தைக்காரர் கடைசியாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். "நீங்க குடுத்த கிடாய்க்கும் ஒரு பக்கம் வீங்கிக் கிடக்குதுங்கய்யா. இம்மாம் பெரிசு." கையால் காட்டினார்.

இயக்குநர் முகம் மலர்ந்தது. உதவி இயக்குநரைப் பார்த்து, "எழுதிக்கங்க. 'வழங்கப்பட்ட கிடாவின் வளர்ச்சி எதிர்பார்த்ததைவிட அதிகம்.' பெரியவரே, இந்த மாதிரி நல்ல சேதியையெல்லாம் உடனே வந்து சொல்லணும்," என்றார்.

கூடாரத்துக்குத் திரும்பியதும் மனைவி கேட்டாள்: "என்ன சொன்னாங்க?"

"இங்க வீசாதாம்."

"அப்ப குழி தோண்டி எதைப் புதைச்சோம்?"

"அது வேறயாம்."

மகள் போர்வைக்குள் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, உள்ளே அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு கிடந்தாள். அசைந்தபோதெல்லாம் "ம்" என்றாள். மந்தைக்காரர் அடுத்த "ம்" எப்போது வரும் என்று காது கொடுத்தபடி பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே, இன்னொரு குட்டியின் தோலைப் போட்டுக்கொண்ட குட்டி, இன்னொரு தாயிடம் வாலை ஆட்டி ஆட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. இயக்ககமும் மோந்துதானே பார்க்கிறது என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது. அதன் வாசனையும் அவருக்குத் தெரியும். பினாயில்.

நோயின்மை நாள் விழா வருஷா வருஷம் மாதிரிப் பண்ணைத் திடலில் நடக்கும். பண்ணை ஆடுகளைக் குளிப்பாட்டி, முத்திரை குத்திய நீலச் சட்டை போட்டு, பந்தலுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவைப்பார்கள். விழாவின்போது எல்லார் முன்னிலையிலும் அவற்றின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்து, நோய் இல்லை என்று அறிவித்துக் கைதட்டுவார்கள்.

மந்தைக்காரர் கிளம்பும்போது மனைவி வழிமறித்தாள். அவர் கையில் சமீபத்தில் குட்டி வீசிய வெள்ளாடு, இடுப்பில் பினாயில் சீசா.

"அரசாங்க ஆட்டைத் திருடப் போறீங்களா?"

"திருடல. ஒண்ணு குடுத்து ஒண்ணு வாங்கிக்கறேன்."

"புடிச்சாங்கன்னா?"

"புடிச்சாத்தான் நல்லது. அப்பவாவது என் ஆட்டை ஒருத்தன் உத்துப் பாப்பான்."

பண்ணைக் காவலாளி தேநீர் குடிக்கப் போன சமயத்தில், மந்தைக்காரர் வரிசைக் கடைசியில் நின்ற ஆட்டின் நீலச் சட்டையைக் கழற்றித் தன் ஆட்டுக்கு மாட்டினார். மேலெல்லாம் பினாயிலைத் தடவினார். பண்ணை ஆட்டைப் பந்தலுக்கு வெளியே புதரில் கட்டினார். காவலாளி திரும்பி வந்து ஆடுகளை எண்ணினார், கடைசி ஆட்டின் கிட்டே போனார், மூக்கைச் சுளித்தார், திருப்தியோடு உட்கார்ந்துவிட்டார். மந்தைக்காரரின் ஆடு மட்டும் விழா முடியும்வரை தும்மிக்கொண்டே இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை மேல் வெள்ளை ஓடு. அதில் ஒவ்வொரு ஆட்டின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரில் ஒரு சொட்டு, பக்கத்தில் ரோஜா நிற மருந்து ஒரு சொட்டு. ரத்தம் பார்க்கிற பெண் இரண்டையும் குச்சியால் கலக்கினாள். நோய் இல்லையென்றால் வழவழவென்று இருக்கும். இருந்தால் திரிந்த பால் போலக் கட்டி கட்டியாகத் திரளும். கடைசிச் சொட்டு திரண்டது. அந்தப் பெண்ணின் குச்சி நின்றது. உதவி இயக்குநரைக் கூப்பிட்டுக் காட்டினாள். பந்தல் கம்பத்தோடு ஒட்டி நின்ற மந்தைக்காரர் எட்டிப் பார்த்தார். இதோ, சொல்லிவிடப் போகிறார்கள்.

"கட்டி தட்டுது சார்."

"கலக்கிக்கிட்டே இரு. கரைஞ்சிடும்."

"இது கரையாது சார்."

"இயக்குநர் பேசப் போறாரு. அவர் பேசி முடிக்கிறவரைக்கும் கலக்கு."

இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"அன்பார்ந்தவர்களே! நோயை ஒழிப்பது எளிது, பார்ப்பதை நிறுத்தினால் போதும் என்று சிலர் நம்மைக் கேலி செய்கிறார்கள். அவர்களுக்கு நான் சவாலாகச் சொல்கிறேன். நாம் ஒருநாளும் பார்ப்பதை நிறுத்தியதில்லை! நோய் எங்கே இல்லையோ அங்கே இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் பதவிக்கு வந்தபோது இந்த மாவட்டத்தில் நோயுற்ற ஆடுகள் ஏராளம். அவற்றைக் கண்டுபிடிக்க அலைந்த ஊழியர்களும் ஏராளம். ஊழியர்களைக் குறைத்தேன். என்ன ஆச்சரியம், நோயும் குறைந்தது! கடைசி ஊழியர் ஓய்வு பெற்ற அன்று நோய் முற்றிலும் ஒழிந்தது. அந்தத் தேதிதான் வாசலில் உள்ள தகட்டில் இருப்பது."

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. ரத்தம் பார்க்கிற பெண் கலக்கிக்கொண்டே இருந்தாள். பேச்சு முடிவதற்குள் சொட்டு காய்ந்துவிட்டது. காய்ந்த சொட்டில் கட்டி எது, கறை எது என்று யாரும் சொல்ல முடியாது என்பதால் "நோய் இல்லை" என்று அறிவிக்கப்பட்டது.

மந்தைக்காரர் கம்பத்தைப் பிடித்தபடியே நின்றார். மகளின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. அதற்குள் ஒலிபெருக்கி அடுத்த நிகழ்ச்சியைச் சொன்னது: "இப்போது நம் இயக்குநர், பண்ணை ஆட்டின் பச்சைப் பாலை மக்கள் முன்னிலையில் அருந்தி, நோயின்மையை நிரூபிப்பார்."

பால் கறக்க, மடி பெருத்த ஆடாகப் பார்த்து அவிழ்த்துக்கொண்டு வந்தார் காவலாளி. அது தும்மியது.

இயக்குநர் மந்தைக்காரரைக் காய்ந்த தட்டில் கால் நனைக்கவைத்து, வெறுங்கையோடு அனுப்பியவர்தான். ஆனால் சீக்குப் பாலை ஒரு மனிதன் வாயில் ஊற்றிக்கொள்ளும்போது பார்த்துக்கொண்டிருக்க மந்தைக்காரரால் முடியவில்லை.

"ஐயா! அதைக் குடிக்காதீங்கய்யா! காய்ச்சிக் குடிங்க!"

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இயக்குநரின் முகம் சிவந்தது. "காய்ச்சுவதா? நோயில்லாத மாவட்டத்தின் பாலையா? யார் அந்த ஆள்? காய்ச்சுவது சந்தேகம், அன்பர்களே. பச்சையாகக் குடிப்பது நம்பிக்கை!" என்று முழுக் குவளையையும் குடித்தார். உதவி இயக்குநர் தலையாட்டிக்கொண்டே அரைக் குவளை குடித்தார். மந்தைக்காரரை இரண்டு பேர் தோளைப் பிடித்துப் பந்தலுக்கு வெளியே தள்ளினார்கள், சரியாகப் பண்ணை ஆட்டைக் கட்டியிருந்த புதரின் மேல்.

வேறு வழி இல்லாமல் அதை ஓட்டிக்கொண்டு கூடாரத்துக்கு வந்தார். நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தனியாகக் கட்டினார். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், அரசாங்கத்தின் ஆடு, எந்தச் சீக்கும் தொட்டிராத மாதிரிப் பண்ணையின் ஆடு, குட்டி வீசியிருந்தது.

மழை வந்து போனது. மகளின் காய்ச்சல் போகவில்லை. இடுப்பு வலிக்கிறது என்றாள். டாக்டரம்மா அவளை ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்துவிட்டார். மந்தைக்காரர் நடைகூடத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், தனியறையிலிருந்து பல் கிட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். மூன்று கம்பளிக்குக் கீழே இயக்குநர்.

"சாயங்காலமானா வருது, காலையில போயிடுது," என்று டாக்டரம்மாவிடம் முனகிக்கொண்டிருந்தார். "முட்டியெல்லாம் கழண்டு போகுது. டைபாய்டுன்னு எழுதுங்க. மலேரியான்னு எழுதுங்க. எதை வேணாலும் எழுதுங்க, அதை மட்டும் எழுதாதீங்க."

"சார், நோய் இருக்குன்னு நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் பரிசோதனை மருந்தே வரும். உங்களுக்கும் சேத்துத்தான்."

"டாக்டர், நான் கேடயம் வாங்கியிருக்கேன்."

டாக்டரம்மா வெளியே போனார். இயக்குநரின் கண் வாசலில் நின்றவர் மேல் விழுந்தது. "நீங்கதானே அன்னிக்கு காய்ச்சிக் குடிங்கன்னு கத்தினது? உள்ள வாங்க. எதுக்குக் கத்தினீங்க?"

மந்தைக்காரருக்கு இனி மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. நீலச் சட்டை, பினாயில், எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப எங்க ஆடு?"

"என்கிட்டதாங்க. வந்த மறுநாள் காலையிலயே குட்டி வீசிடுச்சு."

"உங்க மந்தையிலேர்ந்து ஒட்டியிருக்கும்."

"ஒரே ராத்திரியிலயாங்க? அது வயித்துல சுமந்ததெல்லாம் உங்க பண்ணையிலதாங்கய்யா. எங்க மந்தையில இதுக்கு முன்னாடி இப்படி வந்ததில்ல. நீங்க குடுத்த கிடா வந்தப்புறம்தான்."

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். காய்ச்சலா, யோசனையா என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்து கேட்டார்: "சட்டை போட்டா ஆடு ஏமாறும்னு உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

மந்தைக்காரர் தோல் போர்த்தும் வேலையை விளக்கினார். தாய் ஆடு எப்படி மோக்கும், எப்படி முட்டும், எப்படி நம்பும் என்று. இயக்குநர் தலையணையில் சாய்ந்து நிமிர்ந்தார். பல் கிட்டுவது நின்றுவிட்டது.

"பெரியவரே, பிரச்சினை நோய் இல்ல. தோல். இந்த நோய் இங்கயே பிறந்ததுன்னு சொன்னா எங்க இயக்ககம் முட்டித் தள்ளிடும். பக்கத்து மாவட்டத்துத் தோலைப் போர்த்தினா? 'பக்கத்து மாவட்டத்திலிருந்து ஊடுருவ முயன்ற நோயை, இயக்குநர் தம் உடலையே பணயம் வைத்துக் குடித்துக் கண்டுபிடித்தார்.' மோந்து பாத்து மடியக் குடுத்துடும்!"

"குடுக்கட்டுங்கய்யா. எம் பொண்ணுக்கு மருந்து?"

"உடனே வரும். ஆனா பக்கத்து மாவட்டத்து ஆள் ஒருத்தர் வேணுமே." இயக்குநர் அவரையே பார்த்தார். "அது நீங்கதான்."

"நான் வருஷா வருஷம் இங்கதானே குளத்துல தண்ணி காட்டுறேன்."

"இனிமே இல்ல. நீங்க அங்கேர்ந்து வந்தீங்க. எல்லையில மடக்கினோம். மந்தை வெளியேற்றப்படும். மகளுக்கு மட்டும் மனிதாபிமான அடிப்படையில சிகிச்சை."

குளம், கரைப் புல், பட்டி கட்டிக் கட்டிக் கெட்டிப்பட்ட மண் எல்லாம் மந்தைக்காரர் மனதில் ஒரு சுற்று வந்தன. நடைகூடத்துக்கு அப்பாலிருந்து மகள் முனகும் சத்தம் வந்தது.

"போர்த்துங்கய்யா," என்றார்.

பரிசோதனை மருந்து மறுநாளே வந்தது. மகளின் சொட்டு, வெள்ளை ஓட்டில் திரிந்த பாலாகத் திரண்டது. டாக்டரம்மா ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்தார். இயக்குநரின் சொட்டும் திரண்டது. அதற்கு அவருக்கு இன்னொரு கேடயம் கொடுப்பதாக முடிவாயிற்று. மற்ற மேய்ச்சல்காரர்கள், "எங்க ஆடும் வீசுதே" என்று இயக்ககத்துக்குப் போனபோது, நோய் எல்லையிலேயே மடக்கப்பட்டுவிட்டதால் உள்ளே இருப்பது வேறு என்று விளக்கி அனுப்பினார்கள்.

மனைவி மகளோடு ஆஸ்பத்திரியில் தங்கினாள். மந்தையை ஊழியர்கள் எல்லைக்கு ஓட்டினார்கள். போகும்போது மாதிரிப் பண்ணையிலிருந்து அந்த வெள்ளாட்டையும் கொண்டுவந்து விட்டார்கள். தொற்றிவிடுமோ என்ற பயத்தில் யாரும் அதைத் தொட்டுச் சட்டையைக் கழற்றவில்லை. விழா நாளிலிருந்து போட்டபடி இருந்த நீலச் சட்டை, பாலும் மூத்திரமும் மழையும் ஊறி, தூரத்திலிருந்தே நாறியது. மந்தைக்காரர்தான் டாக்டரம்மா கொடுத்த ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு அதைக் கழற்றினார்.

எல்லை என்பது ஒரு காய்ந்த ஆறு. இந்தக் கரையில் ஒரு தடுப்புக் கம்பு, ஒரு காவலர். அந்தக் கரையில் ஒரு தடுப்புக் கம்பு, ஒரு காவலர். அந்தக் கரையிலும் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அந்த மாவட்டத்திலும் நோய் ஒழிக்கப்பட்டுவிட்டது, ஒரு மாதம் முன்னதாகவே.

"நான் உங்க மாவட்டமாம்," என்றார் மந்தைக்காரர் அந்தக் கரைக் காவலரிடம்.

"எங்க மாவட்டத்துல சீக்கு ஆடே கிடையாதே. நீங்க எப்படி எங்க மாவட்டமாவீங்க?"

ஆற்று மணலில் மந்தை நின்றது. புல் இல்லை. தோண்டினால் கொஞ்சம் தண்ணீர் ஊறியது. அவருக்கான மாத்திரையை டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார், ஆனால் மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு விநியோகம் இல்லை. சாயங்காலம் வழக்கம்போல் காய்ச்சல் வந்தது. குட்டி வீசிய ஆடுகளை ஒரு பக்கமும் மற்றதை ஒரு பக்கமுமாகப் பிரித்தார். செத்த குட்டிகளைத் தோல் உரிக்காமல் ஆழமாகப் புதைத்தார். தாயில்லாக் குட்டிகளுக்குப் பாலைக் காய்ச்சி ஆற்றிப் புகட்டினார். பால் காயும்போது பொங்கி வழிந்தது. இத்தனை வயசில் அது அவருக்குப் புதுக் காட்சி.

ஒரு நாள் மத்தியானம் செல்போன் அடித்தது. மனைவி.

"ஏங்க. பிறந்துடுச்சு. நாளுக்கு முன்னாடியே."

"அழுதுச்சா?"

"அழுதுச்சு. பூனைக்குட்டி மாதிரி. பொண்ணு. கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க. டாக்டரம்மா இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்கறாங்க. இவ உங்களைத்தான் கேக்குறா. சீக்கிரம் வாங்க."

இந்தக் கரைக் காவலரிடம் ஓடினார். காவலர் இரக்கமுள்ள மனிதர்தான். "நீங்க போகலாம் பெரியவரே, மனுஷனுக்குத் தடையில்ல. ஆனா ஆட்டை விட்டுட்டுப் போனீங்கன்னா அது உரிமையாளர் இல்லாத மந்தை. சாயங்காலத்துக்குள்ள சுட்டுடச் சொல்லி உத்தரவு."

"ஆட்டோட போனா?"

"சீக்கு மந்தை உள்ள வரக்கூடாது. அரசாங்க ஆடு மட்டும்தான் வரலாம்."

மந்தைக்காரர் மணலுக்குத் திரும்பினார். ஆடுகளைப் பார்த்தார். டாக்டரம்மா சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது, ஒன்றுவிடாமல். கண்ணாடிப் பெட்டியும் நினைவுக்கு வந்தது. கூடாரத்துக் கயிற்றில் தொங்கிய நீலச் சட்டையை எடுத்தார். அதை இயக்ககம் கொடுத்த கிடாவுக்கு மாட்டி, பொத்தான்களைப் போட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தக் கிடா அரசாங்கத்துடையதுதான்.

கிடா காலை அகட்டி அகட்டி முன்னால் நடந்தது. மந்தை பின்னால் வந்தது. நல்ல ஆடு, சீக்கு ஆடு எல்லாம் ஒன்றாக. மந்தைக்காரர் கடைசியில், நடுங்கிக்கொண்டு.

காவலர் முத்திரையைப் பார்த்தார். கிட்டே வந்து மோந்தார். சட்டென்று பின்வாங்கி மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு மற்றொரு கையால் தடுப்புக் கம்பைத் தூக்கிப் பிடித்து, விறைத்து நின்றார். மந்தை முழுக்கக் கடந்து போகும்வரை அப்படியே நின்றார்.

கன்று வீச்சு நோய் அந்த மாவட்டத்துக்குள் வந்த தேதி எந்தத் தகட்டிலும் இல்லை. வந்த வழி மட்டும் தெரியும். மரியாதையோடு வந்தது.